மேடு தட்டிய தழும்புக்குப் பூசும் மருந்து எதுவரை கேட்கும்?

ஆலைக்கொட்டகை, கவுந்தப்பாடி

வணக்கம்ங்க. இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கரும்பு ஆலை உண்டு. ஐப்பசி கடைசியில் கொப்பரையிலிருந்து பாகைத் தொட்டிக்கு மாற்றும்போது, பக்கத்தில் நின்ற வீட்டம்மாவின் இடது முன்கையில் தெறித்துவிட்டது. சுடுதண்ணீர் என்றால் வழிந்து போய்விடும். பாகு அப்படி இல்லை, ஒட்டிக்கொண்டு உள்ளே வேக வைத்துக்கொண்டே இருக்கும். உடனே தண்ணீரில் கையை வைத்தோம், ஆஸ்பத்திரிக்கும் ஓடினோம். புண் ஆற 5 வாரம் ஆனது.

ஆறியபோது தோல் தட்டையாகத்தான் இருந்தது. தை பிறந்த பிறகு அந்த இடம் சிவந்து, கயிறு கயிறாகத் தடித்து மேலெழும்ப ஆரம்பித்தது. இப்போது மாசி. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேடு. ராத்திரியானால் அரிப்பு தாங்கவில்லை, தூக்கத்திலேயே சொறிந்துவிடுகிறாள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி 20 நாள் போட்டோம். அரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துக்கொண்டு வருகிறது. காட்டிய மருத்துவர் போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். ஒருத்தர் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசு என்கிறார், இன்னொருத்தர் சின்ன வெங்காயச் சாறு என்கிறார். சிலிகோன் ஜெல் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு விலை கேட்டேன், சின்ன டியூப்புக்கு அந்த விலையா என்று திரும்பி வந்துவிட்டேன்.

பணம் பெரிதில்லைங்க, வேலை செய்தால் வாங்கிவிடுவேன். போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எப்போதும் பந்தியில் முன்னே நின்று பரிமாறுகிறவள், இந்தத் தடவை கையைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மாத்திரைச்சீட்டு, ஈரோடு

அண்ணா, நான் மருந்தாளுநர். 14 வருஷமாகக் கடையில் நிற்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த டியூப்பில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். குளோபெட்டசால் என்று இருந்தால் அது தோலுக்குப் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் கூடியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. நல்ல தோலில் நாள்கணக்கில் பட்டால் தோல் மெலியும், வெளுக்கும், நூல் நூலாக ரத்தக்குழாய் தெரியும். நீங்கள் சொல்லும் வெளுப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் எந்த மருந்தைப் பற்றியும் பேச முடியாது. தடிப்பு, அன்றைக்குப் புண் இருந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறதா, இல்லை புண் படாத தோலுக்கும் தாண்டிப் படர்கிறதா?

எல்லைக்குள் நின்றால் அது மேடு தட்டிய சாதாரணத் தழும்பு. புண் ஆறிய ஒன்றிரண்டு மாதத்தில் கிளம்பி, ஆறு மாதம் போல ஏறி, பிறகு மெல்ல அடங்கும் குணம் அதற்கு உண்டு. முழுக்க அடங்கி முடிய ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். எல்லை தாண்டினால் கெலாய்டு. அது தானாக அடங்காது, வெட்டினாலும் திரும்பி வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். பக்கத்துத் தோலுக்குள் கொடுக்கு நீட்டுவதைப் பார்த்து வைத்த பெயர்.

தீப்புண் ஆற 3 வாரத்துக்கு மேல் போனாலே மேடு தட்டும் வாய்ப்பு கூடிவிடும். உங்களுக்கு 5 வாரம். அதனால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான், வீட்டம்மா ஏதோ தப்பாகப் பார்த்துக்கொண்டதால் வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லுங்கள்.


ஆலைக்கொட்டகை, கவுந்தப்பாடி

தம்பி, நன்றி. டியூப்பைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே பெயர், கூடவே பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. இன்றோடு நிறுத்தியாயிற்று. புண் இருந்தபோது எடுத்த போட்டோ மகனின் போனில் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்கேயும் தாண்டவில்லை, அதே எல்லைதான்.

அவளிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சொறிந்ததால் வந்ததோ என்று நினைத்துக்கொண்டு இருந்தாளாம்.


மாத்திரைச்சீட்டு, ஈரோடு

சரிங்க அண்ணா, அப்படியென்றால் பூசும் மருந்துக்கு இடம் இருக்கிறது.

சிலிகோனில் மருந்து எதுவும் இல்லை, அது தோலுக்குள் இறங்குவதும் இல்லை. நீங்கள் விவசாயி, உங்களுக்கு ஒரே வார்த்தையில் புரியும்: மூடாக்கு. கரும்புச் சோகையைப் பரப்பினால் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் நிற்கிறதல்லவா, அதே வேலை. புதுத் தழும்பின் மேல்தோல் இன்னும் சரியாக அமையாததால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரம் குறையக் குறைய, அடியில் உள்ள செல்கள் இன்னும் புண் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டு கொலாஜன் நாரைத் தயாரித்துக் குவிக்கும். மேலே மூடி ஈரத்தை நிறுத்தினால் அந்த வேகம் தணிகிறது. பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது.

1980களின் தொடக்கத்தில் தீப்புண் தழும்புகளுக்குத்தான் இதை முதலில் பயன்படுத்தினார்கள். 2002இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய தழும்புப் பரிந்துரையில், போதிய ஆதாரம் உள்ளவை என்று அவர்கள் ஏற்றது இரண்டே இரண்டு: சிலிகோன் தகடு, தழும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. அதே சமயம் சிலிகோன் ஆய்வுகளில் பல சின்னவை, தரம் குறைந்தவை என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்வதும் உண்மை. ஆகையால் மாயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அரிப்பும் சிவப்பும் முதலில் குறையும், உயரம் மெதுவாகத்தான் இறங்கும்.

தகடு, ஜெல் என்று இரண்டு வகை. தகடு என்றால் தழும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஒரு நாளில் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் 4 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தினமும் கழற்றி, கையையும் தகட்டையும் மிதமான சோப்பால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டவும். பசை போகும் வரை அதே தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குறைந்தது 3 மாதம், பெரும்பாலும் 6 மாதம்.

ஜெல் என்றால் காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மெல்லிய படலமாகப் போதும். ஐந்து நிமிஷத்தில் காயாவிட்டால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம், மீதியைத் துடைத்துவிடுங்கள். தடிமனாகப் பூசியே பாதிப் பேர் டியூப்பைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு விலை கட்டவில்லை என்கிறார்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கம் தகட்டுக்கடியில் வியர்த்து வேர்க்குரு வரும். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் பகலில் ஜெல், ராத்திரியில் தகடு என்று மாற்றிக்கொள்கிறார்கள். திறந்த புண், கொப்புளம், தோல் உரிந்த இடம் எதன் மேலும் இரண்டையும் போடக் கூடாது.


இரட்டைத்தோடு, பல்லடம்

அண்ணா, அக்காவுக்குக் கெலாய்டு இல்லை என்பதைப் படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. எனக்கு இருப்பது அதுதான்.

காலேஜ் படிக்கும்போது மேல்காதில் இரண்டாவது துளை போட்டேன். ஒரு வருஷத்தில் சுண்டைக்காய் அளவு, அடுத்த வருஷம் நெல்லிக்காய் அளவு. ஒரு கிளினிக்கில் சின்ன வேலைதான் என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். கூட ஊசி இல்லை, கிளிப் இல்லை, திரும்பி வரலாம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. 8 மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. என் பாட்டிக்கும் காதில் அப்படி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். வெறுமனே வெட்டினால் 100க்கு 45 முதல் 100 பேர் வரை திரும்ப வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்று அவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. முதலில் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, மாதம் ஒன்று. வலி உண்மையாகவே அதிகம், மறைக்க மாட்டேன். நான்கு ஊசிக்குப் பிறகு மெத்தென்று ஆனது. அப்புறம் வெட்டி, உடனே மறுபடி ஊசி, தையல் பிரித்ததும் காதில் அழுத்தக் கிளிப், அதன் கூடச் சிலிகோன். கிளிப்பை 10 மாதம் போட்டேன். இரண்டரை வருஷம் ஆகிறது, திரும்பவில்லை.

இதை எழுதுவது பூசும் மருந்தை நம்பி கெலாய்டை வளரவிடுகிறவர்களுக்காக. நான் முதல் ஒரு வருஷம் முழுக்க ஜெல்லாகப் பூசிக்கொண்டு இருந்தேன். ஜெல் மேல் தப்பில்லை, கெலாய்டை அடக்குவது அது தனியாகச் செய்யக்கூடிய வேலையே இல்லை.


நாட்டுமாடு, காங்கேயம்

நான் வயதில் பெரியவள், எல்லோரும் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. ஆலைக்கொட்டகைத் தம்பி, என் மருமகளுக்கு ஆபரேஷன் பிரசவம் ஆன தழும்புக்கு வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத்தான் தினமும் தேய்த்துவிட்டேன். ஒரு வருஷத்தில் கோடு மாதிரி ஆகிவிட்டது. 20 ரூபாய் சமாசாரத்தை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ஏன் செலவு?


மாத்திரைச்சீட்டு, ஈரோடு

அம்மா, நீங்கள் தினமும் ஒரு வருஷம் மருமகளுக்குத் தேய்த்துவிட்டது சாதாரணக் காரியம் இல்லை. அதில் பலன் கொடுத்தது எது என்பதில்தான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

1999இல் மயாமியில் ஒரு ஆய்வு செய்தார்கள். தோலில் அறுவை செய்துகொண்ட 15 பேர். ஒவ்வொருவரின் தழும்பிலும் பாதிக்கு வெறும் களிம்பு, மறுபாதிக்கு அதே களிம்பில் வைட்டமின் ஈ கலந்தது. 100க்கு 90 தழும்புகளில் வைட்டமின் ஈ பூசிய பக்கம் எந்த வித்தியாசமும் இல்லை, இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்தது. மூன்றில் ஒருவருக்கு அந்த இடத்தில் ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நானும் கடையில் மாத்திரையை உடைத்துப் பூசி, சிவந்து வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மருமகளுக்கு உதவியது உங்கள் கையின் தேய்ப்பாகவும், அந்த ஒரு வருஷக் காலமாகவும் இருக்கும் என்பது என் எண்ணம். தேங்காய் எண்ணெய் வழுக்கலுக்கு நல்லது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெங்காயத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெங்காயச் சத்து, ஹெப்பாரின், அலன்டாயின் சேர்ந்த ஜெல் ஜெர்மனியிலிருந்து வந்து பல வருஷமாக விற்பனையில் இருக்கிறது. சில ஆய்வுகளில் சிவப்பும் அரிப்பும் குறைந்தது, சிலவற்றில் சாதாரணக் களிம்புக்கும் அதற்கும் பேதம் இல்லை. கையில் ஒரு டியூப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் சிலிகோனை எடுத்துத் தருவேன். சமையலறையில் இருக்கும் சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறு பூசுவது இதில் சேராது, எரிச்சல்தான் மிச்சம்.


கைப்பயிற்சி, கோவை

வணக்கம். தீப்புண் பட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தேய்ப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் வருகிறேன்.

தேய்ப்பது என்றால் மேலே எண்ணெயை வழித்துவிடுவது இல்லை. கட்டைவிரல் அடியை வைத்து, தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகவும் குறுக்காகவும் தோலோடு சேர்த்து நகர்த்த வேண்டும். 5 முதல் 10 நிமிஷம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. விரல் தோல் மேல் சறுக்கினால் எண்ணெய் கூடிவிட்டது. தேய்த்த பிறகு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவினால்தான் சிலிகோன் ஒட்டும்.

ஆலைக்கொட்டகை அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். தழும்பு மணிக்கட்டு மடிப்பு வரை வருகிறதா? அக்காவால் கையைப் பின்னால் முழுசாக மடக்க முடிகிறதா, சுவரில் உள்ளங்கையை ஊன்ற முடிகிறதா? மூட்டின் மேல் தழும்பு இழுத்துக்கொண்டால் அதற்கு எந்த ஜெல்லும் போதாது, தாமதிக்காமல் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்ட வேண்டும். இழுப்பு இல்லாவிட்டாலும் கோவை அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய் தோல் பிரிவில் காட்டுங்கள். பணம் கட்டி ஜெல் வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

உள்ளங்கை அகலத் தீத்தழும்புக்கு அழுத்த உறையும் கேட்டுப் பாருங்கள். அளவெடுத்துத் தைத்த எலாஸ்டிக் கையுறை மாதிரி. ஒரு நாளில் 23 மணி நேரம், மாதக்கணக்கில். இரண்டு மூன்று மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், புதிது வேண்டும்.


நூல்கண்டு, திருப்பூர்

அக்கா, நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த உறையை நானே ரிப் துணியில் தைத்துக் கொடுத்துவிடுவேன், அளவு மட்டும் சொல்லச் சொல்லுங்கள். காசெல்லாம் வேண்டாம்.

எனக்கும் ஒரு சந்தேகம். 23 வயது. நெஞ்சு நடுவில் பருக்கள் வந்து, அதில் நான்கு இப்போது வேர்க்கடலை மாதிரி கெட்டியாக நிற்கின்றன. சட்டை உரசினாலே சுருக்கென்று குத்துகிறது. இமிக்விமோட் என்று ஒரு க்ரீமும், டிரெட்டினாயின் என்று ஒரு க்ரீமும் நெட்டில் படித்தேன். வாங்கிப் போடலாமா?


கைப்பயிற்சி, கோவை

தம்பி, உங்கள் மனசு பெரிது. ஆனால் அழுத்தத்துக்கு அளவு உண்டு. சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு. குறைந்தால் பயன் இல்லை, கூடினால் விரல்கள் வீங்கி மரத்துப்போகும். அதனால் அளவை மருத்துவமனையில் எடுக்கட்டும். அவர்கள் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு, அவர்கள் சொல்லும் துணியில் நீங்கள் தைத்து, போட்டுக்காட்டிச் சரிபார்த்தால் நல்லது. உங்கள் கைத்திறன் வீணாகாது.


மாத்திரைச்சீட்டு, ஈரோடு

நூல்கண்டு தம்பி, வாங்கிப் போட வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன்.

நெஞ்செலும்பின் மேல், தோள், மேல்முதுகு, தாடையோரம், காது, இவையெல்லாம் கெலாய்டுக்குப் பிடித்த இடங்கள். நெஞ்சிலும் தோளிலும் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இமிக்விமோட் 5 சதவீத க்ரீமை, கெலாய்டை வெட்டி எடுத்த பிறகு திரும்பாமல் இருக்கப் பூசிப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வில், தினம் ராத்திரி 8 வாரம் பூசியவர்களுக்கு 6 மாதம் வரை திரும்பவில்லை. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வந்தவற்றில், முக்கியமாக நெஞ்சிலும் முதுகிலும், திரும்பி வந்தது. பூசிய இடம் புண்ணாகிச் சிவந்து நிறம் மாறும். வெட்டாத கட்டி மேல் நீங்களாகப் போட அது இல்லை. டிரெட்டினாயின் தோலை எரிச்சலாக்கும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

ஸ்டீராய்டைத் தழும்பின் மேல் அடைத்து ஒட்டும் முறை ஒன்று உண்டு. ஜப்பானில் ஸ்டீராய்டு பிளாஸ்டரையே வழக்கமாகக் கொடுக்கிறார்கள். தோல் மெல்லியதாக இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு அது நன்றாகக் கேட்கிறது. மலேசியாவில் ஒரே ஆளின் ஒரு கெலாய்டுக்குக் குளோபெட்டசால் பூசி மேலே சிலிகோன் ஒட்டியும், இன்னொன்றுக்கு ஊசி போட்டும் ஒப்பிட்டார்கள். கெலாய்டு எவ்வளவு குறைந்தது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆலைக்கொட்டகை அண்ணா நிறுத்திய அதே மருந்துதான். மேட்டின் மேல் மட்டும், மூடி, நாள் எண்ணி, மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கப் போடுவதும், கடையில் வாங்கிக் கை முழுக்க வழிப்பதும் ஒன்றில்லை.

உங்களுக்கு முதல் வேலை புதுப் பரு வராமல் நிறுத்துவது. ஒவ்வொரு பருவும் அடுத்த கெலாய்டுக்கு விதை. பிறகு ஊசி. 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்று. அதிலும் தோல் குழியலாம், வெளுக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.


இரட்டைத்தோடு, பல்லடம்

நூல்கண்டு, ஊசி போட்ட அன்றைக்கு வேலைக்குப் போகாதே கண்ணு. முன்னாடியே ஐஸ் வைக்கச் சொல்லிக் கேள், எனக்கு அது பாதி வலியைக் குறைத்தது. குலதெய்வம் கோயில் சீருக்கு வீட்டுக் குழந்தைகளுக்குக் காது குத்தும்போதும் ஞாபகம் வை. வீட்டில் யாருக்காவது கெலாய்டு இருந்தால் ஒரு துளையோடு நிறுத்தச் சொல்.


ஆலைக்கொட்டகை, கவுந்தப்பாடி
ஐந்து மாதம் கழித்து

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஆடி பிறந்தாயிற்று, நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் தப்பு.

பெருந்துறையில் காட்டினோம். மேடு தட்டிய தழும்புதான், கெலாய்டு இல்லை என்று சொன்னார்கள். மணிக்கட்டு நன்றாக மடங்குகிறது. ஓரத்தில் ரொம்பத் தடித்த இரண்டு இடத்துக்கு மட்டும் மூன்று தடவை ஊசி போட்டார்கள். மற்றதற்குச் சிலிகோன், தேய்ப்பு, உறை. நூல்கண்டு தம்பி இரண்டு உறை தைத்துக் கொரியரில் அனுப்பினார், அங்கே போட்டுக்காட்டினோம், ஒன்றில் மணிக்கட்டுப் பக்கம் தளர்த்தச் சொன்னார்கள், திரும்பத் தைத்தும் கொடுத்தார். சித்திரையில் வேர்க்குரு வந்து பத்து நாள் தகட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. மற்றபடி விடவில்லை.

வெயில் பட்டால் தழும்பு கறுக்கும் என்று அங்கே சொன்னார்கள். அவள் காட்டுக்குப் போகும்போது சேலை மேல் என் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாள். நம் பக்கம் எல்லாப் பெண்களும் செய்வதுதானே, யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

மாசம் பிறந்தால் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மகன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். மாசிக்கும் இப்போதுக்கும் நன்றாகத் தெரிகிறது. கயிறு கயிறாக இருந்தது பெரும்பாலும் படிந்துவிட்டது. சிவப்பு மாறிக் காவி நிறமாகிவிட்டது. போய்விடவில்லை, தடவினால் கைக்குத் தெரியும். ஸ்டீராய்டால் வெளுத்த இடம் பாதிக்கு மேல் நிறம் திரும்பியிருக்கிறது. இனி அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

வணக்கம்ங்க அண்ணா, அக்கா. எனக்கு மேடு இறங்கியதைவிட அரிப்பு நின்றதுதான் பெரிசு. சித்திரை கடைசியிலிருந்து ராத்திரி தூங்குகிறேன். காங்கேயத்து அம்மாவுக்கு, எண்ணெய் தேய்க்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன், தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். தம்பி தைத்த உறைக்குப் பழனி போகும்போது எங்கள் ஆலை நாட்டுச்சர்க்கரை கொண்டு வந்து தருகிறோம், முகவரி இவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சந்தேகம். ஆவணியில் கொழுந்தனார் மகனுக்குக் கல்யாணம். அன்றைக்கு ஒரு நாள் பந்தி முடிகிற வரைக்கும் உறையைக் கழற்றி வைக்கலாமுங்களா?


கைப்பயிற்சி, கோவை

தாராளமாகக் கழற்றி வைக்கலாம் அக்கா. ராத்திரி படுக்கும்போது மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.